உலையைக் கழற்றி வைத்துக்கொண்டு கட்டடத்தை இடிக்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, மே 18, 2025

அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஊதுலைகளையும் இடிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் அருமை புரிகிறது. ஆனால் உருக்கை வெப்பப் பதனிடும், அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கும், கூடங்களையும் காக்க வேண்டும் என்கிறார்கள். அவை செங்கல்லும் தகரமும்தானே? உலையைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டுக் கட்டடத்தை இடித்தால் என்ன நட்டம்? நம் பக்கத்தில் கொல்லர் உலை வேப்பமரத்தடியில்கூட நடக்கிறதே.

மே 18, இரவு

நட்டம் உண்டு. ஒரு ஆலையின் வெப்பப் பதனிடும் (ஹீட் ட்ரீட்மெண்ட்) பகுதியில் 31 ஆண்டுகள் நின்றவன் நான். அந்தப் பகுதியில் கட்டடமும் ஒரு கருவி. உலை சூடேற்றும். அந்தச் சூட்டைக் கண்ணுக்குச் சரியாகக் காட்டுவதும், ஆறுவதற்குள் எண்ணெய்த் தொட்டியில் கொண்டு சேர்ப்பதும் கட்டடம் செய்கிற வேலை.

பெத்லகேமிலேயே 'ஹை ஹவுஸ்' என்று ஒரு கூடம் உண்டு. மற்றக் கூடங்கள் நீளமாகப் படுத்திருக்க, இது மட்டும் எழுந்து நிற்கும். பீரங்கிக் குழாய்களை நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பதனிட்ட இடம். நீளமான குழாயை உலைக்குள் படுக்க வைத்தால், செக்கச் சிவந்த நிலையில் தன் எடையாலேயே தொய்ந்துவிடும். 850 டிகிரியில் உருக்குக்கு முதுகெலும்பு கிடையாது. அதனால் தொங்கவிட்டார்கள். தொங்கவிட்டதால் கூரை உயர்ந்தது. அந்த உலையை மட்டும் பெயர்த்து ஒரு மண்டபத்தில் வைத்தால், பார்க்கிறவருக்கு அது ஒரு பெரிய செங்கல் குழாய். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பது கூரையோடு போய்விடும்.

மே 19, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கூரை உயரத்துக்குத் தொய்வை மட்டும் காரணமாகச் சொன்னது போதாது. கிணற்றிலிருந்து ஏணியை நேராக மேலே இழுத்து எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு எவ்வளவு ஆழமோ, கிணற்று வாய்க்கு மேலேயும் அவ்வளவு வெட்டவெளி வேண்டும். குழாய் 10 மீட்டர் என்றால் உலை வாய்க்கு மேலே 10 மீட்டரும், அதற்கு மேல் கிரேன் கொக்கிக்கும் சங்கிலிக்கும் இடமும் வேண்டும். உலையைத் தரைக்கு மேலே கட்டினால் கட்டடத்தின் உயரம் குழாயைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். குழி தோண்டி உலையைப் புதைத்தால் பாதி உயரம் மிச்சமாகும், ஆனால் நிலத்தடி நீரோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய கூடம் ஒன்றின் உயரத்தையும் குழியின் ஆழத்தையும் அளந்தாலே, அங்கே எவ்வளவு நீளப் பொருள் பதனிடப்பட்டது என்று கணக்குப் போட்டுவிடலாம். கட்டடத்தை இடித்தால் கணக்கில் பாதி எண் காணாமல் போகும்.

மே 19, மாலை

"சூடேற்றும்போது தொங்கட்டும், எண்ணெயில் படுக்கவைத்து இறக்கினால் என்ன?" என்று கேட்கிறார் கோவில்பட்டி நண்பர். வில் மாதிரி வளைந்துவிடும், அண்ணாச்சி. படுக்கையாக இறங்கும் தண்டின் அடிப்பக்கம் முதலில் எண்ணெயைத் தொடும், முதலில் சுருங்கும். மேல்பக்கம் இன்னும் சிவப்பாகவே இருக்கும். அந்த ஓரிரு நொடி வேறுபாடு போதும். நெட்டுக்குத்தாக இறங்கினால் சுற்றுவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் குளிரும். பீரங்கிக் குழாய்க்கு உள்துளை வேறு இருக்கிறது. படுக்கையில் இறக்கினால் துளைக்குள் ஆவி சிக்கிக்கொள்ளும். நிற்க வைத்தால் எண்ணெய் கீழிருந்து ஏறும், ஆவி மேலே வெளியேறும்.

நெட்டுக்குத்தாக இறக்கினாலும் கால் முந்தித் தலை பிந்தித்தான் நனையும். அதனால் கிரேன் வேகமாக இறக்க வேண்டும், ஆனால் குலுங்கக் கூடாது. அதற்கேற்ற வலுவில் தூண்களும் தண்டவாள விட்டங்களும் அமைய வேண்டும். மறுபடியும் கட்டடத்திடம்தான் வந்து நிற்கிறோம்.

மே 21

முதலில் கேட்டவர், "உயரக் கூடம் விதிவிலக்கு. சாதாரணக் கூடத்துக்கு இதெல்லாம் பொருந்தாது" என்கிறார். சாதாரணக் கூடத்தில்தான் எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது. விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஆலை வெளியூரில் இருந்தது. பெயர் வேண்டாம். பழைய கூடம், நடுவில் நான்கு பெட்டி உலைகள், ஓரத்தில் இரண்டு குழி உலைகள். ஒவ்வொரு பெட்டி உலைக்கும் எதிரே நாலு எட்டில் ஒரு எண்ணெய்த் தொட்டி. நடக்கிறவர்கள் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். தரை எப்போதும் பிசுபிசுப்பு. பார்வைக்கு அலங்கோலம், ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், தொட்டிகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையாகச் சுவரோரம் நகர்த்தினார். நடுவில் மஞ்சள் கோடு போட்ட நடைபாதை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் 6 மி.மீ. தடிமன் உள்ள பின்கள் ஒரு கூடை திரும்பி வந்தன. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 55க்குக் குறையக் கூடாது. சில பின்கள் 56 காட்டின, சில 43. ஒரே கூடை, ஒரே உலை, ஒரே எண்ணெய். உருக்கு மோசம் என்று வாங்கியவரிடம் சண்டை. எண்ணெய் பழையது என்று எண்ணெயை மாற்றினார்கள். உலைச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை மாற்றினார்கள். மூன்று வாரம் இப்படியே கழிந்தது.

எங்கள் ஃபோர்மன் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு நாள் என் கையில் நிறுத்து கடிகாரத்தைக் கொடுத்து, "கதவு திறந்ததிலிருந்து கூடை முழுகுகிறவரை எண்ணு" என்றார். 11 நொடி. பழைய இடத்தில் எவ்வளவு என்று கேட்டேன். "நாலு. நான் எண்ணியதே இல்லை. கால் எண்ணியது" என்றார்.

கூடையின் வெளிப்புறத்தில் இருந்த பின்கள் அந்த 11 நொடியில் காற்றிலேயே ஆறிவிட்டன. நடுவில் இருந்தவை ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு சூடு காத்தன. ஒரு கூடைக்குள் இரண்டு விதக் கடினம் வந்த காரணம் அவ்வளவுதான். தொட்டிகள் பழைய இடத்துக்கே திரும்பின. அந்தக் கூடத்தை முதலில் வரைந்தவர் யாரென்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவருடைய அறிவு முழுவதும் அந்த நாலு எட்டில் இருந்தது. அதை எந்தக் கையேட்டிலும் எழுதி வைக்கவில்லை.

மே 22

நொடிக் கணக்கை நம்பாதவர்களுக்கு: 830 டிகிரியில் வெளியே வரும் விரலைவிட மெல்லிய தண்டு, நொடிக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூட்டை இழக்கும். 727 டிகிரியை ஒட்டி உருக்கின் உள்கட்டு மாறுகிறது. அதற்குக் கீழே நழுவ விட்டு, உள்கட்டு மாறிய பிறகு எண்ணெயில் போட்டால், எண்ணெய் நனைக்கும், கடினமாக்காது. மார்டன்சைட் என்கிற கடின உள்கட்டு, மேலேயிருந்து ஒரே வீச்சில் விழுந்தால்தான் பிறக்கும். தொடை தடிமன் உள்ள தண்டுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. அதனால்தான் பெரிய சாமான் பதனிடும் கூடத்தில் தொட்டி தள்ளி இருக்கும், சின்னச் சாமான் பதனிடும் கூடத்தில் காலடியில் இருக்கும்.

மே 25

இருட்டைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். அதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது.

பஞ்சாலைக் கட்டடம் வெளிச்சத்தைத் தேடும். நூல் அறுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூரையில் கண்ணாடி வைப்பார்கள். உருக்கைப் பதனிடும் பழைய கூடம் வெளிச்சத்தை வெறுக்கும். கூரை முகட்டில் புகைபோக நீளத் திறப்பு இருக்கும். ஆனால் வெயில் நேராக உலை வாயில் விழாதபடி அதை மறைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்தால் கண் பழகவே ஐந்து நிமிடம் ஆகும். அங்கே சூட்டை அளந்தது கண்.

1868இல் ரஷ்யாவின் உலோகவியலாளர் செர்னோவ், ஒபுகோவ் ஆலையில் பீரங்கிகள் சோதனையில் வெடித்துச் சிதறியதற்குக் காரணம் தேடினார். உருக்குக்கு என்று சில குறிப்பிட்ட சூட்டு நிலைகள் உண்டு, அவற்றைத் தாண்டினால்தான் கடினப்படும், உள்ளே உள்ள படிக மணிகள் நுண்மையாகும் என்று கண்டு சொன்னார். அவர் கையில் இருந்த அளவுகோல் உருக்கின் நிறம் மட்டுமே. இன்று புத்தகங்களில் 700, 800 என்று எண்ணாக இருப்பவை அவருக்கு நிறங்களாக இருந்தன.

என் தாத்தாவின் உலைக்கூடமும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றுக்கு எட்டிய தூரத்தில், பனையோலை வேய்ந்த தாழ்ந்த கொட்டகை. வாசல் வடக்குப் பார்த்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். சின்ன வயதில், "தாத்தா, ஒரு சன்னல் வைத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். "சன்னல் வைத்தால் சூரியன் வந்து உட்கார்ந்துகொள்வான். அப்புறம் இரும்பு என்னிடம் பேசாது" என்பார். உலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி இடது கை எட்டும் தூரம். இடுக்கியோடு திரும்பினால் தொட்டி, எட்டு வைக்கத் தேவையில்லை.

வேப்பமரத்தடி உலைக்கும் பதில் இதில் இருக்கிறது. மரத்தடியில் உலை வைத்த காலத்தில் தாத்தா அடிக்கிற வேலையைப் பகலில் முடித்துக்கொண்டு, துவைச்சலை, அதாவது பழுத்த இரும்பை நீரில் முக்கிக் கடினமாக்குவதை, அந்தி சாய்ந்த பிறகு வைத்துக்கொள்வாராம். கட்டடம் இல்லாதபோது இரவையே கட்டடமாக்கிக்கொண்டார்.

மே 26

"பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாத்லியே பிளாட்டினக் கம்பி வைத்து 1880களிலேயே உலைச் சூட்டை அளக்க வழி செய்துவிட்டார். பிறகு எதற்கு இருட்டு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். பைரோமீட்டர் என்கிற அந்தச் சூட்டளவுக் கருவி பரவிய பிறகு இருட்டின் தேவை குறைந்தது. அதற்குப் பிந்தைய கூடங்களுக்கு என் வாதம் அவ்வளவு அழுத்தமாகப் பொருந்தாது.

கண்ணை நம்பியதில் இழப்பும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டுளி உருக்கைச் செர்ரிச் சிவப்புக்கு மேல் ஏற்றினால் கெட்டுவிடும் என்பது அக்காலக் கொல்லர்களின் உறுதியான நம்பிக்கை. 1898 முதல் 1900 வரை, அதே பெத்லகேம் ஆலையில், டெய்லர், வைட் என்ற இரு ஆய்வாளர்கள் சில கலப்பு உருக்குகளை உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிப் பார்த்தார்கள். அந்த உளிகள் சிவக்கச் சூடான நிலையிலும் இரும்பைச் சீவின. கண் வகுத்த எல்லையைக் கருவி உடைத்தது. ஆனாலும் உலைக் கதவில் பார்வைத் துளை இன்றும் இருக்கிறது. கம்பி காட்டுவது கம்பி இருக்கும் இடத்தின் சூட்டை. மூலையில் கிடக்கும் சாமான் கறுத்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக் கண் வேண்டும்.

ஜூன் 1

பெரியப்பா மகன், என் அண்ணன், அந்தப் பழைய உலையை இன்னும் நடத்துகிறான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாத்தாவின் கொட்டகை போய்விட்டது. துருத்தி, ஓலை, மண்சுவர் எதுவும் மிஞ்சவில்லை. பட்டடை மட்டும் சேற்றுக்குள் நின்றது. அடுத்த ஆண்டு இரும்புக் குழாய் ஊன்றித் தகரம் போட்டு, மின்சார ஊதுவிசிறியோடு புதிதாகக் கட்டினான். உள்ளே இருட்டாக இருக்கிறது என்று வெல்டிங் செய்தவர் சொல்ல, தகரத்துக்கு நடுநடுவே நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகள் போட்டார்கள்.

நேற்று போயிருந்தேன். பதநீர்க் காலம். பனையேறி ஒருவர் பாளை அரிவாளோடு வந்து நின்றார். பாளை அரிவாள் மற்ற அரிவாள் மாதிரி இல்லை. வெட்டுவதற்கு உரியது அன்று, மெல்லியதாகச் சீவுவதற்கு. வாய் சவரக்கத்தி போல இருக்க வேண்டும். சீவல் பிசகினால் பாளை காய்ந்துவிடும், அந்தப் பாளையின் பதநீர் போச்சு. அவர் அரிவாளில் வாய் உதிர்ந்து பொக்கை விழுந்திருந்தது. "ஆசாரி, உங்கள் அப்பா கையில் வாங்கியது பத்து வருடம் உழைத்தது. இது பத்து நாள் தாங்கவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. இந்த ஆண்டில் இது ஏழாவதாம்.

வாய் மடங்கினால் துவைச்சல் போதவில்லை என்று பொருள். வாய் உதிர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது துவைத்த பிறகு இளஞ்சூடு காட்டிப் பதத்தை இறக்கவில்லை. அண்ணன் பதம் இறக்கத் தவறுகிறவன் அல்லன். வைக்கோல் நிறம் வந்து அது பழுப்புக்குத் திரும்பும்போது நிறுத்துவான். உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். முறிவு வெள்ளைச் சர்க்கரை மாதிரி மின்னியது. நல்ல துவைச்சலின் முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருக்கும். மணி பெருத்துவிட்டது, அதாவது சூடு மிஞ்சியிருக்கிறது.

அண்ணனோ அரிவாள் அடிக்க எடுக்கும் லாரி வில்பட்டையைக் குறை சொல்கிறான். முன்பு வந்த பட்டை வேறு, இப்போது வருவது வேறு என்கிறான். இருக்கலாம். பட்டைக்குப் பட்டை மாறத்தான் செய்கிறது.

ஜூன் 3

பட்டை காரணம் இல்லை. அண்ணன் மனைவி கணக்கு நோட்டில் எந்த அரிவாள் எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மதினியிடம் கேட்டுத் தேதிகளைப் பார்த்தேன். பழுதான ஏழும் பகலில் துவைத்தவை. ஆறு நல்ல வெயில் நாள். நல்லபடியாகப் போனவற்றில் பெரும்பாலானவை மேகம் கவிந்த நாளிலோ விளக்கு வைத்த பிறகோ துவைத்தவை. ஏழு அரிவாளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் தகட்டின் கீழே நண்பகலில் நின்று உலையைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நன்றாகப் பழுத்த இரும்பு மங்கலாகத் தெரிகிறது. அண்ணன் தாத்தா சொல்லிக்கொடுத்த நிறம் வரட்டும் என்று காத்திருக்கிறான். வெயிலில் அந்த நிறம் தெரியும் நேரத்துக்குள் இரும்பு 100 டிகிரி கூடுதலாக ஏறியிருக்கும். அவன் கண் பிசகவில்லை. அந்தக் கண்ணுக்குப் பழக்கமான கொட்டகை இல்லை.

ஜூன் 4

ஒருவர் பேச்சைத் தொன்மைக்குத் திருப்பியிருக்கிறார். திருப்பட்டும், எனக்கும் பிடித்த இடம்தான். ஆதிச்சநல்லூரில் 1900ஐ ஒட்டி அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. சிவகளையின் இரும்புக்கு கி.மு. 3345 வரை காலம் சொல்லும் அறிக்கை 2025 ஜனவரியில் வெளிவந்தது. எல்லாம் எங்கள் ஆற்றங்கரை, பெருமைதான். ஆனால் கருவி கிடைத்த அளவுக்கு அதைப் பதனிட்ட இடத்தைப் பற்றிப் பேச்சு இல்லை. எரிந்த மண், கசடு, அவற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கிய குழி. இவற்றுக்கு இடையே உள்ள தூரத்தையும் அகழ்வோர் அளந்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. புறநானூற்றின் 21ஆம் பாட்டில், பகைவர் கைப்பட்ட அரணை மீட்க முடியாது என்பதற்கு, கொல்லன் தீயில் காய்ச்சிய இரும்பு உண்ட நீரை உவமையாகச் சொல்கிறார் ஐயூர் மூலங்கிழார். உலைக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சீறலைக் கேட்ட காது அது.

ஜூன் 5

மழை பெய்தால் என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: எண்ணெய்த் தொட்டிக்கு மேலே கூரை ஒழுகக் கூடாது. நீர் எண்ணெயின் அடியில் போய்த் தங்கும். சிவந்த சாமான் இறங்கும்போது அந்த நீர் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும், எண்ணெயைத் தூக்கி வெளியே எறியும், தீ பிடிக்கும். உருகிய உப்பில் சாமானை முக்கிச் சூடேற்றும் உப்புக் குளியல் உலை என்றால் இன்னும் மோசம். பழைய கூடங்களில் மற்ற இடமெல்லாம் ஓட்டையாக இருந்தாலும் தொட்டிக்கு மேலே மட்டும் புதுத் தகரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 8

நானும் அண்ணனும் சேர்ந்து பிளாஸ்டிக் தகடுகளுக்குக் கீழே பனையோலைத் தட்டி கட்டினோம். தெற்கு வாசலுக்குச் சாக்குப் படுதா. வடபக்கம் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் தகரத்தை வெட்டினோம். தண்ணீர்த் தொட்டி சுவரோரம் இருந்தது, உலையிலிருந்து மூன்று எட்டு. அதை இழுத்து இடது கைப்பக்கம் வைத்தோம். வேலை முடிந்ததும் உள்ளே உட்கார்ந்தோம். கண் பழகியது. "அப்பா இருக்கிற மாதிரி இருக்கிறது" என்றான் அண்ணன்.

அன்று நண்பகலில், நல்ல வெயிலில், இரண்டு பாளை அரிவாள் துவைத்தான். முன்பைவிடச் சீக்கிரமே உலையிலிருந்து எடுத்துவிட்டான். எனக்கே பச்சையாக எடுத்துவிட்டானோ என்று தோன்றியது. அரத்தால் இழுத்துப் பார்த்தேன். வழுக்கியது, பற்றவில்லை. கடினம் ஏறியிருந்தது.

ஜூன் 10

முதலில் கேட்டவர் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்: "இடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?" நல்ல கேள்வி. உலை வாயிலிருந்து தொட்டி விளிம்புவரை உள்ள தூரத்தை முதலில் அளக்க வேண்டும். கொக்கியின் உச்ச உயரம், குழியின் ஆழம், முகட்டுத் திறப்பு எந்தத் திசை பார்த்தது, எந்த மணிக்கு வெயில் எங்கே விழுந்தது, தரையடிப் புகைவழி எந்தப் பக்கம் திரும்பிப் புகைபோக்கியைச் சேர்ந்தது, இவையும் வேண்டும். தரையில் கால் தேய்த்த தடத்தைப் படம் எடுங்கள். வேலை பார்த்த ஒருவரையாவது அழைத்து வந்து, கையில் வெறும் இடுக்கியைக் கொடுத்து, உலையிலிருந்து தொட்டிவரை நடக்கச் சொல்லி எண்ணுங்கள். எங்கள் ஃபோர்மன் மாதிரி ஒருவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இருட்டைக் குறித்து வைக்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் இடிக்காதீர்கள் என்கிறேன்.

ஜூன் 22

அண்ணன் போனில் பேசினான். பொக்கை விழுந்த அரிவாளைக் கொண்டுவந்த அதே பனையேறி புது அரிவாளைப் பதினோரு நாளாகப் பயன்படுத்துகிறாராம். நேற்று வழியில் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பனையிலிருந்து இறங்கி, இடையில் இருந்த அரிவாள் பெட்டியைத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் தடவிக் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாராம்.